இடிக்குக் கழற்றி வைத்த காது

அக்கா கையில் அந்த பிளக் இருந்தது. உலர்ந்த துண்டு ஒன்றை நாலாக மடித்து, அதற்குள் பிளக்கைப் பிடித்திருந்தார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்குகிறவர்கள் பிடிப்பார்களே, அப்படி. வெளியே அப்போதுதான் முதல் இடி உருண்டு ஓய்ந்திருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, திரையில் ஒவ்வொன்றாக விழுந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாக நான் காணத் தவித்த புள்ளிகள் அவை. ஒன்று விழுந்தது, இரண்டு, மூன்று, நாலாவதும் விழுந்தது. அப்புறம் திரை அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், பிளக்கோடு அக்கா.

“ஏன் தம்பி பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க? இடி இடிக்குதுல்ல?” என்றார்.

கரண்டு வேலை பார்க்கிறவன் நான். எத்தனையோ முறை ஷாக் அடித்துத் தள்ளியிருக்கிறது. அதெல்லாம் ஒரு நொடி. உதறிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இது அப்படி இல்லை. உள்ளங்காலில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறியது. “ஒவ்வொரு தடவையும் கழட்டிருவீங்களாக்கா?” என்று கேட்டேன். “பின்ன? நீங்கதானே சொன்னீங்க, பத்திரமா பாத்துக்கங்கக்கான்னு” என்றார். சொல்லிவிட்டு, பிளக்கைத் துண்டோடு சுருட்டி பீரோ மேல் வைத்தார். பக்கத்திலிருந்த பேட்டரிப் பெட்டியின் சுவிட்சையும் அணைத்தார். “இதுவும் கரண்டுதானே” என்றார்.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் அந்த மெஷினைச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் நான் ஏன் அப்படி விறைத்துப்போனேன் என்பது விளங்காது.

திருவரங்குளத்தில் இன்வெர்ட்டர், டிஷ், ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றது; மீதியைப் பிரித்துப்போட்ட பெட்டிகளிடம் படித்தேன். கடையில் வேலையைவிடப் பேச்சு அதிகம். யார் என்ன சொன்னாலும், சொன்ன விதம் எனக்குள் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே எனக்கு வேலை முடிய நேரமாகும் என்று வீட்டில் திட்டு. கடையிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில், விவசாயிகள் வந்து போகும் ஓர் அலுவலகம் இருக்கிறது. எதுவென்று சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போது அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடம். அதன் மொட்டை மாடியில்தான் அந்த மெஷினை வைத்தார்கள்.

வானிலை ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடம், வெளியூர்க்காரர், அதை வைக்க இடம் தேடி இந்தப் பக்கம் வந்தார். மாடியில் ஒரு கம்பத்தில் வெள்ளைத் தட்டு, கீழே அறையில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து இன்டர்நெட். அவ்வளவுதான். “இது என்னங்க பண்ணும்?” என்று கேட்டேன். மேடம் ரொம்ப அழகாகச் சொன்னார். பழைய ரேடியோவில் பாட்டுக் கேட்கும்போது எங்கேயோ மின்னல் வெட்டினால் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அந்தக் கரகரப்பைத்தான் இது கேட்கும். இதைப்போலப் பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள். ஒரே மின்னலை ஒவ்வொரு மெஷினும் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்கும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து, மின்னல் எங்கே விழுந்தது என்று கணக்குப் போட்டு, அடுத்த சில நொடிகளில் வரைபடத்தில் புள்ளி வைத்துவிடும். அந்தப் புள்ளிகளை ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வார்கள். “புதுக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் காதே இல்லைங்க அண்ணா. இதுதான் காது. இது மூடிக்கிச்சுன்னா இங்க விழுற மின்னலை வேற எங்கயோ விழுந்ததாக் காட்டும், இல்லைன்னா காட்டவே காட்டாது” என்றார். ரேடியோ என்றதும் எனக்கு மெஷின் மேல் பாசம் வந்துவிட்டது. மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டேன்.

மாட்டி முடித்து இறங்கியபோது, அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் அக்கா. அலுவலகத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்த ஆபீசரும்கூட. கதவு திறப்பது, கூட்டுவது, ஃபைல் எடுத்துக் கொடுப்பது, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவது, உர வண்டி வந்தால் மூட்டை எண்ணுவது, எல்லாம் அவர்தான். பல வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் ஃபைல் மேலே போயிருக்கிறது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது கண் தானாக மாடிப்படிப் பக்கம் போகும், ஃபைல் அங்கேதான் ஏறிக்கொண்டிருப்பது போல. நான் அவரிடம் பெட்டியைக் காட்டி, “அக்கா, இது இடி மின்னல் மெஷின். பத்திரமா பாத்துக்கங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னைய மீறி ஒரு கை படாது தம்பி” என்றார்.

அக்காவின் பேச்சைக் கேட்கவே நான் அந்த அலுவலகத்துக்கு வேலை தேடிப் போவேன். மேலே மெதுவாகச் சுற்றும் ஃபேனைக் காட்டி, “இது காத்து வீசாது தம்பி, ஆறுதல் சொல்லும்” என்பார். ஆபீசரைப் பற்றிக் கேட்டால், “சிரிச்சா டூரு, சிரிக்கலைன்னா மீட்டிங்கு” என்பார். அவசரம் அவசரம் என்று முண்டியடிப்பவர்களிடம், “முன்னாடி நிக்கிறவங்க எல்லாம் என்ன, பொழுது போகாமயா வந்திருக்காங்க?” என்று ஒரே கேள்வி, வரிசை நேராகிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்க மாட்டார். அவர் சேர்ந்த புதிதில், ஒரு மழை நாளில் இடி இறங்கி அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் கருகிவிட்டது. அணைக்காமல் விட்டது யார் என்று கேள்வி வந்தபோது, அணைக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. ஆனாலும் மெமோ அவருக்குத்தான் வந்தது. “மெமோ ஒரு நாளுதான் அடிக்கும். அது இருக்குற ஃபைலு தெனம் அடிக்கும் தம்பி” என்றார். இன்னொரு மெமோ வந்தால் நிரந்தரம் கிடையாது, இருக்கிற வேலையும் கிடையாது என்று அப்போதே எழுதி வாங்கியிருந்தார்களாம்.

அன்றிலிருந்து எங்கோ தூரத்தில் வானம் உறுமினாலே அக்கா எழுந்துவிடுவார். ஃபேன், லைட், கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் என்று ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டே வருவார். இது எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் அதைத்தானே செய்கிறோம். டிவி வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைக்காத வீடு எங்கள் பக்கம் உண்டா? தெரிந்த இந்த ஒரு விஷயத்தை, தெரிந்த அந்த இன்னொரு விஷயத்தோடு என் புத்தி சேர்த்துப் பார்க்கவில்லை. இன்றைக்கும் என்னால் அதை நம்ப முடியவில்லை.

மெஷின் மாட்டி ஒரு மாதத்தில் மேடம் போன் செய்தார். வெயில் நாளெல்லாம் மெஷின் துடிப்பாக இருக்கிறது, மழை வந்தால் மட்டும் ஆளைக் காணோம் என்றார். கரண்டுதான் போயிருக்கும் என்று பேட்டரி வைத்தேன். மறுபடியும் அதே கதை. வயரை அணில் கடித்திருக்கும் என்று குழாய்க்குள் விட்டேன். எர்த் சரியில்லையோ என்று பின்பக்கம் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, புதிதாக எர்த் போட்டேன். ஒவ்வொரு முறையும் “சரியாயிருச்சு மேடம்” என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் அடுத்த இடிக்கு மெஷின் செத்துப்போனது. “மழைக்கு லீவு போடுற பிள்ளை மாதிரி இருக்கே உங்க மெஷின்” என்று மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சலிப்பும் இருந்தது. அலுவலகத்தில் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தோம். எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று மேடம் சொல்லும் நேரங்களை எழுதுவேன். காரணம் என்ற கட்டத்தில் ‘மின்தடை’ என்று என் கையாலேயே எழுதுவேன். பார்த்தா எழுதினேன்? இல்லை. மழை என்றால் மின்தடை, இதில் என்ன பார்ப்பது என்ற நினைப்பு. ஒருமுறை அக்காவிடம், “இதை யாராச்சும் தொடுறாங்களாக்கா?” என்று கேட்கவும் செய்தேன். “யாரு தொடுவா? நான் தொட விட்டாத்தானே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் தொடுவது வேறு, பத்திரமாகக் கழற்றி வைப்பது வேறு.

பழுது பார்க்க நான் போனதெல்லாம் வெயில் நாளில். இடி இடிக்கும்போது மொட்டை மாடிக்கு யார் ஏறுவார்கள்? அதனால் அந்தக் காட்சி என் கண்ணில் படவே இல்லை.

இப்படி இருக்கையில்தான், கடலை பறிப்புக் காலத்தில், பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் இறந்துபோனார். பறித்த செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டு ஏழெட்டுப் பெண்கள் காட்டில் இருந்திருக்கிறார்கள். மழை தூறவும் எல்லாரும் ஒரு வேப்பமரத்தடிக்கு ஓடியிருக்கிறார்கள். மின்னல் அந்த மரத்தில் இறங்கியது. மூன்று பேருக்குக் காயம், ஒருவர் அங்கேயே முடிந்துபோனார். சின்ன வயசு. இரண்டு வாரம் முன்புதான், கடலைக்குப் போடும் ஜிப்சம் மூட்டைக்காக அதே அலுவலகத்துக்கு வந்திருந்தார். அக்காதான் அவருக்கு மனு எழுதிக் கொடுத்தார். மழை விட்டு நான் அங்கே போயிருந்தபோதுதான் செய்தி வந்தது. அக்கா சுவரில் சாய்ந்து, “அந்தப் புள்ள கையெழுத்துப் போடையில பேனாவ ஒதறி ஒதறிச் சிரிச்சுச்சுய்யா” என்றார்.

பேப்பரில் செய்தி பார்த்துவிட்டு மறுநாள் மேடம் அழைத்தார். அந்தப் பிற்பகல் நேரத்துப் புள்ளி ஒன்றுகூட வரவில்லை என்றார். அவர் சொன்ன நேரத்தை நோட்டில் எழுதினேன். மூன்று மணிக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. காரணம், மின்தடை. அவர் போனிலேயே பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கு அவமானமாகிவிட்டது. இனி மழை நாளில்தான் போய் உட்கார்வது, செத்துப்போகும்போது கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். அப்படிப் போய் உட்கார்ந்த நாள்தான், நான் முதலில் சொன்ன நாள்.

அக்காவுக்கு நான் அன்றைக்கு விளக்கினேன். ரேடியோ, கரகரப்பு, காது, புள்ளி, எல்லாம். முதலில் சிரித்தார். “இடி கேக்குற மெசினுக்கு இடின்னா ஆகாதுன்னு நான் கழட்டி வச்சிருக்கேன் பாருங்க!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அவர் முகத்திலிருந்து வழிந்து இறங்கியதைப் பார்த்தேன்.

“அப்ப அன்னைக்கும் நாந்தானா?” என்றார்.

“அக்கா, இது ஆராய்ச்சி மெஷின். ஓடியிருந்தாலும் அந்தப் பொண்ணக் காப்பாத்தியிருக்காது.”

“வேற யாருக்குச் சொல்லியிருக்கும்?”

“மேடத்துக்கு.”

“மேடம் எங்க இருக்காங்க?”

“வெளியூர்ல.”

“அப்ப காட்டுல நிக்கிறவளுக்கு யாரு சொல்றது?”

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தும் இரண்டு பேரும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “தம்பி, நோட்டுல கரண்டு போச்சுன்னே எழுதிருங்க. நான் கழட்டுனேன்னு எழுதாதீங்க” என்றார். அவர் என்னிடம் எதற்காகவும் கெஞ்சி நான் கேட்டதில்லை. நான் உடனே எழுதினேன். காரணம்: மின்தடை. அந்த ஒரு வரியைத்தான் நான் தெரிந்தே பொய்யாக எழுதினேன். ஆனால் எழுதி முடித்ததும், மேலே இருந்த அத்தனை வரிகளும் பொய் என்று அப்போதுதான் உறைத்தது. என் கையெழுத்து, பக்கம் முழுக்க.

இரண்டு நாள் கழித்து அந்த அறையில் வயர்களைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மேடத்தின் அழைப்பு வந்தது. கை இரண்டும் வேலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா ஓரமாக ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தார். மேடம் பழைய விஷயத்தைத்தான் கேட்டார். “அண்ணா, அந்த ஆக்சிடென்ட் நாள்ல மெஷின்தான் இல்லை, பரவாயில்லை. முதல் இடி எப்பக் கேட்டுச்சுன்னு யாராவது ஞாபகம் வச்சிருப்பாங்களா? முதல் இடிக்கும் மரத்துல விழுந்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். அந்தப் பொண்ணுங்களுக்கு எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு.”

“அதெப்படி மேடம், யாரு...” என்று இழுத்தேன்.

“நான் சொல்றேம்மா” என்று அக்காவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துத்தான், அங்கே மேடமே உட்கார்ந்திருப்பது போல, பேசினார். “கரண்டெல்லாம் போகலைங்க. இத்தன நாளும் மெசினக் கழட்டுனது நாந்தான். மொத இடி கேட்டதும் கழட்டுவேன், கடைசி இடி ஓஞ்சு காக்கா கத்துனா மாட்டுவேன். அன்னைக்கு மொத இடி குடுமியான்மலைப் பக்கம் கேட்டுச்சு. மீமிசல் பக்கத்து இடி வேற மாதிரி இருக்கும், கடலுக்குள்ள பாறைய உருட்டுற மாதிரி. இது மேக்க. மூணு மணிப் பெல்லு பள்ளிக்கூடத்துல இன்னும் அடிக்கல. நல்ல வெயிலு. அப்பக் கழட்டுனேன்.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. மேடம் திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. மெஷின் நின்ற நேரம் நொடி சுத்தமாகத் தன்னிடம் இருக்கிறது என்றார். அக்கா சொன்னதும் அதுவும் ஒன்றாகவே இருக்கிறது என்றார். அப்படியானால் இந்த ஐந்து மாதத்தில் மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும், ஒரு மனிதக் காது முதல் இடியைக் கேட்ட நேரம். ஓடத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் இடி ஓய்ந்த நேரம். “நாங்க வெத்து இடம்னு தூக்கிப் போட வச்சிருந்தோம்மா. அத்தனையும் நீங்க எழுதின கணக்கு” என்றார்.

அக்கா அதற்கெல்லாம் சந்தோஷப்படவில்லை. “மரத்துல எப்பம்மா விழுந்துச்சு?” என்று கேட்டார். நாலு மணி பஸ் போன பிறகு என்று எல்லாருக்கும் தெரியும். அந்த பஸ் திரும்பி வந்தபோதுதான் செய்தி முதலில் ஊருக்குள் வந்தது. மேடம் தயங்கி, “ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும்மா” என்றார்.

“ஒரு மணி நேரமா?” என்றார் அக்கா. ஃபைல் கட்டு கையிலிருந்து சரிந்து தரையில் பரவியது, குனியவில்லை. “ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கு. ஃபேனக் காப்பாத்துனேன், ஜெராக்ஸக் காப்பாத்துனேன், இந்த டப்பாவக் காப்பாத்துனேன்.” பீரோவைத் திறந்து, மனு கொடுத்தவர்களின் பதிவேட்டை எடுத்து என் முன்னால் பிரித்துக் காட்டினார். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, அக்காவின் எழுத்திலேயே, அவருடைய போன் நம்பர் இருந்தது.

அந்தப் பக்கத்தைப் பார்த்த அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை. உலகத்தில் எந்த மெஷினும் வேண்டியிருக்கவில்லை. ஒரு போன். “ஏ புள்ள, வானம் உறுமுது, மரத்தடியில நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க.” அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். காது இருந்தது, நம்பர் இருந்தது, நேரம் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அக்காவுக்கும், எனக்கும், அந்தக் கட்டடத்தில் இடியைக் கேட்ட ஒருவருக்கும்.

மறுநாள் நான் போனபோது நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. என் ‘மின்தடை’ ஒவ்வொன்றின் மேலும் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்திருந்தார் அக்கா. பக்கத்தில், ஒவ்வொரு வரியிலும், ஒன்றுகூட விடாமல், ‘இடி கேட்டு நான் கழற்றி வைத்தேன்’ என்று எழுதி, கீழே கையெழுத்து. ‘மேற்படி’ என்று போட்டிருக்கலாம். போடவில்லை. “என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க! மேடத்துக்கு வாயாலதான் சொல்லியாச்சே. இதை ஆபீசர் பாத்தா என்னாகும்?” என்று கத்திவிட்டேன்.

“நேத்து நீங்க போனப்புறம் மேடத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். வாயால சொன்னத எடுத்துக்க முடியாதாம் தம்பி. நோட்டுல இருக்கணும், ஆபீசர் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். அந்தம்மா வேணாம்னுதான் சொன்னாங்க, நான்தான் அனுப்புறேன்னேன்” என்றார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, “பொய்யா எழுதி வச்சா, அடுத்தவளுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்றார்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. நோட்டைப் படித்துவிட்டு வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நானும் மேல பதில் சொல்லணும்லம்மா” என்றார். கையெழுத்துப் போட்டார்; அதே பேனாவால் மெமோவிலும் போட்டார். அனுமதியின்றி ஆராய்ச்சிக் கருவியின் இணைப்பைத் துண்டித்தது. முன்பு, துண்டிக்காததற்கு ஒரு மெமோ, இப்போது, துண்டித்ததற்கு. மேடம் அக்காவுக்காகக் கடிதம் எழுதினார், நேரில் வந்தும் பேசினார். மாட்டியவன் நான், சொல்லித் தராதவன் நான் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. மாதக் கடைசியில் அக்காவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவிக் கொத்தை ஒப்படைத்துவிட்டு, போகிற போக்கில் மெஷின் பெட்டியைப் பார்த்து, “இனிமே ஒன்னைய யாரும் தொட மாட்டாங்க, போ” என்றார். அழுதது நான்தான்.

அதன் பிறகு மெஷின் ஒருநாளும் நின்றதில்லை. எத்தனையோ இடி வந்து போய்விட்டது. நான் போட்ட எர்த் தாங்குகிறது. எங்கள் புள்ளிகள் இப்போது பல ஊர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு, விழும்போதே போகின்றன. அக்காவின் ஐந்து மாதக் கணக்கையும் சேர்த்தே பகிர்ந்திருப்பதாக மேடம் சொன்னார். ‘மனிதக் காதால் கேட்டது’ என்று தனிக் கட்டம் போட்டிருக்கிறாராம். அதே வரைபடம் என் போனிலும் தெரியும்படி செய்து கொடுத்தார். அது ஆராய்ச்சிக்காகத்தான், எச்சரிக்கை என்று நம்பிவிடாதீர்கள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். சரி என்றேன். ஆனாலும் கடை மேஜையில், சால்டரிங் கம்பிக்குப் பக்கத்தில், அந்தப் போன் எப்போதும் திறந்தே இருக்கிறது.

அக்கா இப்போது கடலைக் காட்டு வேலைக்குப் போகிறார். பதினைந்து பெண்களைக் கூட்டிப்போவது அவர்தான். போன வாரம் கடலை பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் ஒரு மேகப் பொட்டு இல்லை. போனில் மேற்கே, குடுமியான்மலைக்கும் அப்பால், ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. என் காதுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அக்காவுக்கு அடித்தேன்.

“அக்கா, மேக்க ரெண்டு புள்ளி விழுந்திருக்கு. தூரந்தான், ஆனா...”

நான் முடிப்பதற்குள் அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அங்கே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்டது. “ஏறுங்கடி!” என்று அக்காவின் குரல். ஏறுவது என்றால் எங்கள் பக்கம் வேலையை விட்டுக் காட்டைவிட்டு வெளியேறுவது. உடனே ஒரே கூச்சல். “வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, எங்கிட்டுடி இருக்கு மழை?” “இவளுக்கு மட்டும் வானம் தனியாப் பேசும்!” “இன்னும் ரெண்டு வரிசைதான் ஆத்தா, முடிச்சுட்டுப் போயிருவோம்!” அக்கா ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கூடைகள் இடிபடும் சத்தம், செடிகளை மிதிக்கும் சத்தம், யாரோ சிரிப்பது, யாரோ திட்டுவது. பிறகு காலடிகள் மண்ணிலிருந்து சிமெண்டுத் தரைக்கு மாறும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட வராண்டாவாக இருக்க வேண்டும். மூச்சிரைக்க அக்கா மறுபடி போனைக் காதில் வைத்தார்.

“ஒங்களுக்குச் சத்தம் கேட்டுச்சாக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கு இன்னும் ஒண்ணுமே கேக்கல தம்பி” என்றார். “ஏறிட்டோம்.”